கடைசி காலம் எங்கே, தம்பி?

"தம்பி, கடைசி காலத்தைக் காணோமே?" என்று அந்த மேடம் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் கேட்டது எக்செல் காலத்தை, அதாவது பட்டியலின் கடைசி நெடுவரிசையை. 'குறிப்பு' என்று தலைப்புப் போட்டு, 15 வருடமாக அவரே அடித்து வைத்திருந்தது.

"அது மெஷினுக்குப் புரியாது மேடம். எடுத்துட்டேன்."

"சரி தம்பி" என்றார். பேச்சு அவ்வளவுதான். அந்தச் 'சரி' மட்டும் இன்னும் என்னை விடவில்லை.

ஊர்ப் பட்டியல் அது. அதை ஆர்டிஎஃப் என்ற, மெஷின் படிக்கும் தரவு வடிவமாக்கி, ஊருக்கு ஒரு யூஆர்ஐ (இணைய முகவரி போல ஒரு தனி அடையாளம்) கொடுத்து, விக்கிடேட்டா என்ற திறந்த தரவுத்தளத்தோடு இணைப்பது என் வேலை. வலையைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீ திறந்த தரவுக்குப் போட்ட நட்சத்திரக் கணக்குதான் அப்போது எனக்கு வேதம். திறந்த உரிமத்தோடு வெளியிட்டால் பிடிஎஃபுக்கே ஒரு நட்சத்திரம் உண்டு. எக்செலுக்கு இரண்டு, எந்த மென்பொருளிலும் திறக்கிற சிஎஸ்விக்கு மூன்று, யூஆர்ஐ வந்தால் நான்கு, பிறர் தரவோடு இணைத்தால் ஐந்து. மேடத்தின் இரண்டை நான் ஐந்தாக்கிக்கொண்டிருந்தேன்.

பெயரும் தாலுகாவும் ஒத்துப்போனால் 'சேம்ஆஸ்' என்று எழுதிவிடும் என் ஸ்கிரிப்ட். அது சும்மா ஒரு இணைப்பு இல்லை, இதுவும் அதுவும் ஒன்றேதான் என்று அடிக்கிற சத்தியம். இதைப் பற்றிச் சொன்னதெல்லாம் அதற்கும் ஒட்டிக்கொள்ளும். ஒரே தாலுகாவில் இரண்டு புதூர் இருந்தன. இரண்டும் விக்கிடேட்டாவின் ஒரே புதூரோடு சேம்ஆஸ் ஆக, அப்புறம் தங்களுக்குள்ளும் ஒன்றாகிவிட்டன. ஒரே ஊருக்கு இரண்டு மக்கள்தொகை! மூன்று வாரம் கழித்துப் பழைய எக்செலைத் திறந்தால், கடைசிக் கட்டத்தில்: "ஏரிக்கரை புதூர். ரோட்டு மேல் புதூர் வேறு."

எல்லாக் குறிப்பும் இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். "பழைய ரிஜிஸ்டர் பார்க்க", "பேசி முடிவு செய்க" என்றெல்லாம் இருக்கும். பாதி பாமினி என்ற பழைய தமிழ் ஃபாண்டில் அடித்தது, ஃபாண்ட் இல்லாவிட்டால் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகக் கிடக்கும். யாராக இருந்தாலும் தூக்கித்தான் போட்டிருப்பார்கள்.

ஆனால் ஆர்டிஎஃப்போடு வரும் ஆர்டிஎஃப்எஸ் என்ற சொல்தொகுப்பில் 'கமெண்ட்' என்று ஒன்று உண்டு. எந்த உரையையும் அப்படியே அதில் போடலாம், ஸ்கிரிப்டில் ஒரு வரி கூடுதல். அது அன்றைக்கே எனக்குத் தெரியும். பயன்படாது என்று எடுத்தேனா, என் அழகான தரவில் அசிங்கமாகத் தெரிந்தது என்று எடுத்தேனா?

போட்டிருந்தாலும் ஸ்கிரிப்ட் அதைப் படித்திருக்காது; புதூர்கள் ஒன்றாகத்தான் ஆகியிருக்கும். ஆகவே தப்பு பெயரை நம்பியதில்தான், காலத்தை எடுத்ததில் இல்லை. இப்படி எனக்கு நானே வாதாடிக்கொள்கிறேன். வாதத்தில் ஓட்டை இல்லை. ஆனாலும் அன்று "அதுல என்ன எழுதியிருக்கீங்க மேடம்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பொருளுக்கென்றே ஒரு வலை, 'செமாண்டிக் வெப்', பின்ன உட்கார்ந்தவன், பொருள் தெரிந்தவரிடம் கேட்கவில்லை.

திருத்திய பதிப்பில் குறிப்புகளைச் சேர்த்து அவரிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இப்ப மெஷினுக்குப் புரியுதா தம்பி?"

கிண்டலா, நிஜமாகவே கேட்டாரா, தெரியவில்லை.

"இல்ல மேடம்" என்றேன்.