அத்தை கை கழுவினால் மாடியில் எரிந்த விளக்கு

மார்கழியும் தையும் சேர்ந்த மின் கணக்கில் 563 யூனிட். அதற்கு முந்தைய இரண்டு மாதத்துக்கு 431தான். புதிதாக எந்தச் சாமானும் வாங்கவில்லை. பொள்ளாச்சிப் பக்கம் அந்தக் குளிரில் மின்விசிறிகூட ஓடவில்லை. 500ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரையான யூனிட்டுகளுக்குக் கிடைக்கும் சலுகை விலையும் சேர்ந்து போய்விடும் என்பது உங்களுக்கும் தெரியும். எரிச்சல் அதில்தான் அதிகம்.

சந்தேகம் மாடியில் இருக்கும் 25 லிட்டர் கீசர் மேல் விழுந்தது. ஐந்து நட்சத்திரம். கடைக்காரர் அந்த ஸ்டிக்கரைக் காட்டித்தான் இரண்டாயிரம் ரூபாய் கூடுதலாக வாங்கினார். உத்தரவாதம் இருக்கிறதே, கம்பெனி ஆளைக் கூப்பிடலாம் என்று பீரோவிலிருந்து பில்லை எடுத்தேன். வெள்ளைத் தாள். பிளாஸ்டிக் கவருக்குள் பத்திரமாக வைத்த பில்லில் ஓர் எழுத்துகூட மிஞ்சவில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கடையின் முத்திரை மட்டும் நிழல்போலத் தெரிந்தது.

பஸ் ஏறி கோவை உக்கடத்தில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்துக் கடைக்குப் போனேன். "பில் எண் இல்லாமல் ஒன்றும் பார்க்க முடியாது" என்றார் கவுன்டரில் இருந்தவர். தலைகூட நிமிரவில்லை. வாங்கிய மாதம் தெரியும், வாங்கிய பொருள் தெரியும் என்று சொல்லிப் பார்த்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார். ஒரு நாளும் பஸ் காசும் வீண். அடுத்த வாரம் என் கணவர் போனபோது வேறொரு பெண் இருந்திருக்கிறார். கைபேசி எண்ணைக் கேட்டுத் தட்டியவுடன் பில் வந்துவிட்டது, ஒரு நிமிடம்கூட ஆகவில்லையாம். கணினியில் எப்போதும் இருந்த பில்லுக்குத்தான் நான் உக்கடம்வரை அலைந்திருக்கிறேன். எந்தக் கடையானாலும் பில் கைக்கு வந்த அன்றே போட்டோ எடுத்துவிடுங்கள்.

மெக்கானிக் வந்தார், கீசரைத் திறந்தார். இரண்டு கைப்பிடி வெள்ளைச் செதில் கொட்டியது. எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் அப்படி. "உப்பு பிடித்துவிட்டது அக்கா, அதனால்தான் கரண்ட் இழுக்கிறது. காயிலை மாற்றிவிடலாம்" என்றார். உத்தரவாதம் தொட்டிக்குத்தானாம், தண்ணீரைச் சூடாக்கும் காயிலுக்கு இல்லையாம். சுத்தம் செய்தால் போதும் என்று சொல்லிவிட்டேன். கம்பியாக இளைத்துப் போயிருந்த மெக்னீசியத் தண்டை மட்டும் மாற்றச் சொன்னேன். தொட்டி துருப்பிடிக்காமல் தான் கரைந்து காப்பது அதுதான். அவர் வந்ததில் கிடைத்த ஒரே லாபம் அது.

அவர் சொன்னதை நம்பாமல் இருக்கக் காரணம் இருந்தது. சுத்தம் செய்வதற்கு முந்தைய நாளே நான் அளந்து வைத்திருந்தேன்.

இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. மீட்டரில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்று அதன் முகப்பிலேயே அச்சிட்டிருப்பார்கள், எங்களுடையதில் 3200. குளிர்சாதனப் பெட்டி உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கீசரை மட்டும் போட்டு, ஒரு நிமிடத்துக்கு எண்ணினேன். 104. அப்படியானால் மணிக்கு 1.95 யூனிட். காயில் இரண்டு கிலோவாட், சரிதான். பச்சைத் தண்ணீரிலிருந்து கீசர் விளக்கு அணையும்வரை 43 நிமிடம், அதாவது 1.4 யூனிட். கணவர் வேலை பார்க்கும் பள்ளியின் ஆய்வகத்திலிருந்து வெப்பமானி வந்தது. உள்ளே போகும் தண்ணீர் 23 டிகிரி, வெளியே வருவது 72. ஒரு லிட்டரை ஒரு டிகிரி ஏற்ற ஒரு கிலோ கலோரி, ஒரு யூனிட்டுக்கு 860 கிலோ கலோரி என்று போட்டால் 1.42 வருகிறது. வாங்கிய மின்சாரம் முழுவதும் தண்ணீருக்குள்தான் போகிறது. உப்பைத் தட்டி எடுத்த பிறகும் அதே 43 நிமிடம். உப்பு படிந்தால் காயில் அதிகமாகச் சூடேறிச் சீக்கிரம் எரிந்துபோகும், அது உண்மை. கரண்ட் இழுக்கும் என்பது உண்மையில்லை. காயிலைச் சுற்றி இருப்பது தண்ணீர். அந்தச் சூடு வேறெங்கே போகும்?

அந்த நட்சத்திரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் அதை மைலேஜ் மாதிரி நினைத்திருந்தேன். அப்படியில்லை. வெந்நீர் நிறைந்த தொட்டியைத் திறக்காமல் வைத்து, உள்ளும் வெளியும் 45 டிகிரி வித்தியாசத்தில், 24 மணி நேரத்தில் எவ்வளவு சூடு கசிகிறது என்பதற்குத்தான் நட்சத்திரம். குழாயைத் திறந்த பிறகு நம் வீட்டில் நடப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அந்தக் கசிவையும் பார்த்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிக் குளியலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அன்று எல்லோருக்கும் பின்கட்டுச் செம்புப் பாய்லரில்தான் குளியல். தேங்காய்த் தொட்டி போட்டு எரித்து, மேலே ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினால் பக்கத்துக் குழாயில் ஒரு சொம்பு சுடுதண்ணீர் வழியும், அது. பாதிச் சூடு நடுக்குழாய் வழியாக வானத்துக்குப் போகிறது என்று அத்தையிடம் சொன்னேன். "போகட்டும் கண்ணு, தோப்பில் தொட்டி கிடக்கிறது" என்றார்.

கீசர் விளக்கு மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை எரியும் என்று எதிர்பார்த்தேன். மதியத்துக்குள் ஆறு முறை எரிந்தது, மொத்தம் 31 நிமிடம். யாரும் ஒரு சொட்டு வெந்நீர் திறக்கவில்லை. கீசர் கெட்டுவிட்டது, மெக்கானிக் சொன்னதே சரி என்று மனம் தளர்ந்த நேரத்தில், கீழே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. கொஞ்சத்தில் விளக்கு எரிந்தது. இறங்கி ஓடினேன்.

சமையலறைத் தொட்டியில் ஒற்றைக் கைப்பிடிக் குழாய். வீடு கட்டும்போது அங்கேயும் வெந்நீர் வரட்டும் என்று மாடியிலிருந்து லைன் இழுத்திருந்தார் பிளம்பர். அந்தக் கைப்பிடியை எல்லோரும் நடுவில் நிறுத்தித்தான் தூக்குகிறோம். நடுவில் என்றால் பாதித் தண்ணீர் கீசரிலிருந்து வருகிறது! அத்தை ஒரு தட்டு கழுவுவதற்குள் கீசர் ஒரு லிட்டர் சூட்டைக் குழாய்க்குள் அனுப்பிவிடும், அது கைக்கு எட்டுமுன் குழாய் மூடிவிடும், உள்ளேயே ஆறிவிடும். வாளி வைத்துப் பிடித்தேன். ஐந்து லிட்டர் வாளி முக்கால் நிறைந்த பிறகுதான் விரலில் சூடு பட்டது. நான்கு வருடமாகச் சமையலறையில் யாரும் வெந்நீரைப் பார்த்ததில்லை. அதற்குக் காசு மட்டும் கட்டியிருக்கிறோம்.

தொட்டிக்கு அடியில் கையை விட்டு வெந்நீர் பக்கத்து ஆங்கிள் வால்வை மூடினேன். செலவு ஒன்றுமில்லை. அடுத்த ஞாயிறு திரும்ப உட்கார்ந்தேன். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை மூன்றே முறை, 11 நிமிடம். ஒரு நாளைக்கு முக்கால் யூனிட்டுக்குள். ஸ்டிக்கர் பொய் சொல்லவில்லை. அதைத் திட்டியதற்கு வருத்தம்.

பிறகு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, எந்தச் சூட்டில் கீசர் நிற்க வேண்டும் என்று வைக்கும் தெர்மோஸ்டாட்டை 60 டிகிரிக்கு இறக்கினோம். குளிக்கும் சூடு அதேதான், வாளியில் கலக்கும் பச்சைத் தண்ணீர்தான் குறைகிறது. அதற்கும் கீழே இறக்க வேண்டாம், வெதுவெதுப்பாகத் தேங்கும் தண்ணீரில் கிருமி வளரும். அணைத்து அணைத்துப் போட்டால்தான் அதிகம் செலவாகும் என்று கணவர் பிடித்த பிடிவாதத்தையும் அந்த 11 நிமிடக் கணக்கைக் காட்டி முடித்தேன். இப்போது காலையில் ஒரு மணி நேரம் மட்டும்.

அடுத்த கணக்கு 446. குளிரும் குறைந்துவிட்டது, அதனால் முழுப் பெருமையும் எனக்கில்லை. மெக்கானிக் இரண்டு முறை அழைத்து, காயில் மாற்றலாமா என்று கேட்டுவிட்டார்.

அத்தைக்கு மட்டும் வால்வு மேல் நம்பிக்கை வரவில்லை. பாத்திரம் கழுவப் போகும்போதெல்லாம், மாடியில் விளக்கு எரிகிறதா என்று ஒருமுறை என்னைப் போய்ப் பார்த்துவரச் சொல்கிறார்.