ஆங்கில 'தேன்' (than) வந்தால் தமிழ்க் காதை நம்பாதீர்கள்

மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். தேர்வின் முதல் கட்டத்தில் ஆங்கிலத்துக்கு 25 கேள்வி, 50 மார்க். ஒரு தப்புக்கு அரை மார்க் போய்விடும். பிழை கண்டுபிடிக்கும் கேள்விகளில்தான் எனக்கு அதிகம் போனது. தெரியாமல் அல்ல, உறுத்தாமல்.

ஒரு மாக் டெஸ்டில் வந்த வாக்கியம் இது: 'தி க்ளைமேட் ஆஃப் ஊட்டி இஸ் கூலர் தேன் சென்னை.' மூன்று முறை வாசித்துவிட்டு 'நோ எரர்' போட்டேன். கூடப் படித்த அக்கா எட்டிப் பார்த்துச் சொன்னார்: "க்ளைமேட்டைக் கொண்டுபோய் ஊரோட ஒப்பிடுறியேடா!"

'தேன் தட் ஆஃப் சென்னை' என்று வரவேண்டும். பன்மை என்றால் 'தோஸ் ஆஃப்'.

"மதுரை வெயில் சென்னையை விட மோசம்" என்று தமிழில் சொன்னால் யாரும் திருத்த மாட்டார்கள். கேட்கிறவரே மீதியை நிரப்பிக்கொள்வார். அந்தக் காதோடுதான் ஆங்கிலத்தையும் வாசிக்கிறோம். 'மோர் பெட்டர்' நமக்குச் சரியாகப் படுவதும் "இன்னும் நல்லா" என்று பேசிப் பழகியதால்தான். நமக்கு எல்லாவற்றுக்கும் ஒரே 'விட'. அவர்களுக்கோ சீனியர், ஜூனியர், சுப்பீரியர் எல்லாம் 'டு' கேட்கும்.

அன்றிலிருந்து ரஃப் பேப்பரில் ஒரு கோடு போடுவேன். 'தேன்' வந்தால் இடப்பக்கம் ஒரு சொல், வலப்பக்கம் ஒரு சொல். 'க்ளைமேட்', 'சென்னை' என்று எழுதியதுமே பொருந்தாதது கண்ணில் படும். 'எவரெஸ்ட் இஸ் ஹையர் தேன் எனி மவுண்டன் இன் தி வேர்ல்ட்' வாக்கியத்துக்குக் கோடு போட்டால், வலப்பக்கத்து மலைகளில் எவரெஸ்டும் நிற்கும். தன்னை விடத் தானே எப்படி உயரமாகும்? 'எனி அதர்' வேண்டும்.

பேரலல் ஸ்ட்ரக்சரில், அதாவது வரிசையாக வரும் சொற்கள் ஒரே வடிவில் இருக்க வேண்டிய இடத்தில், கதை தலைகீழ். இங்கே தமிழ்தான் கைகொடுக்கும். 'ஷி லைக்ஸ் சிங்கிங், டான்ஸிங் அண்ட் டு பெயிண்ட்' என்பதில் தடுமாறுகிறவர்கள், "அவளுக்குப் பாடவும் ஆடவும் வரைவதும் பிடிக்கும்" என்று சொல்லிப் பாருங்கள். நாக்கே ஒத்துக்கொள்ளாது. பள்ளியில் படித்த எண்ணும்மைதான். உம் ஒட்டும் சொற்களெல்லாம் ஒரே வார்ப்பில் இருக்க வேண்டும்.

'நாட் ஒன்லி' மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டியது. 'ஹி நாட் ஒன்லி ரைட்ஸ் போயம்ஸ் பட் ஆல்ஸோ நாவல்ஸ்' என்பதில் 'நாட் ஒன்லி'க்குப் பின் வினை, 'பட் ஆல்ஸோ'வுக்குப் பின் பெயர். 'ரைட்ஸ்' முன்னால் நகர்ந்தால் முடிந்தது.

ஒப்பீடும் பேரலல் ஸ்ட்ரக்சரும் சேர்ந்து வருவதும் உண்டு: 'ஐ ப்ரிஃபர் வாக்கிங் டு டேக் எ பஸ்.' 'டு' வந்துவிட்டதே என்று நிம்மதியாக 'நோ எரர்' போட்டுவிடாதீர்கள். 'வாக்கிங்'குக்கு ஜோடி 'டேக்கிங்'. இதில் நான் இரண்டு முறை விழுந்திருக்கிறேன்.