தை பிறந்தாலும் சூரியன் வராத ஊரில்

நான் இருக்கும் நோர்வேயின் ட்ரொம்சோ நகரம், துருவ வட்டத்துக்கும் வடக்கே ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நவம்பர் கடைசி வாரத்தில் அடிவானத்துக்குக் கீழே போகிற சூரியன் ஜனவரி நடுப்பகுதிவரை மேலே வராது. தெற்குப் பக்கம் மலைகள் நிற்பதால் நகரத்துக்குள் அதைக் கண்ணால் காண்பது ஜனவரி 21 அளவில்தான்.

இருட்டு என்றவுடன் முழு நேரமும் நடுச்சாமம் என்று நினைக்க வேண்டாம். மத்தியானத்தை ஒட்டிச் சில மணி நேரம் ஒரு நீல வெளிச்சம் வரும். முகில் இல்லாத நாளில் தெற்கு வானம் செம்மஞ்சளாகும். சுற்றுலா வருபவர்கள் அதைப் படம் எடுத்து மாளாது. அழகுதான். ஆனால் என் உடம்பு அதை விடியல் என்று ஏற்றுக்கொள்வதில்லை.

வந்த முதல் குளிர்காலம் புதினம் பார்ப்பதிலேயே போய்விட்டது. அடுத்ததில்தான் குளிர்கால மனச்சோர்வு பிடித்தது. எவ்வளவு படுத்தாலும் நித்திரை தீராது. வயிறு சோறு, பாண், சீனிச் சம்பல் என்றே கேட்டது. கால் இரண்டிலும் ஈயம் கட்டிவிட்டது போல இருக்கும். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். அங்கே எப்படியோ சமாளித்து, முகத்தைச் சிரித்தபடி வைத்திருந்துவிட்டு, வீட்டுக்கு வந்து குளிர்ச்சட்டையைக் கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்துவிடுவேன். தொலைபேசி அடித்தால் எடுக்க மனம் வராது. அழுகை வந்தால்கூடப் பரவாயில்லை, அதுவும் வரவில்லை.

அம்மா குரலில் பிடித்துவிட்டார். "என்ன பிள்ளை, உன்ர குரல் ஒரு மாதிரிக் கிடக்குது?" ஒஸ்லோவில் இருக்கிற மச்சாள் ஊர் நினைப்பு என்றா. நன்றாகத் தெரிந்த பெரியவர் ஒருவர், "உனக்குப் பஞ்சி பிடிச்சிட்டுது, எழும்பி நாலு வேலை செய்தால் எல்லாம் போகும்" என்றார். அவர் அன்பாகத்தான் சொன்னார். ஆனாலும் சோம்பல் என்ற அந்தச் சொல் என்னை இன்னும் இரண்டு வாரம் வைத்தியரிடம் போகவிடாமல் தடுத்தது. இதை எழுதுவதே அதனால்தான். இது பஞ்சி இல்லை.

குடும்ப வைத்தியர் என்னிடம் கவலையைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. எப்போது தொடங்குகிறது, எப்போது விடுகிறது என்றே திருப்பித் திருப்பிக் கேட்டார். ஒவ்வொரு வருடமும் இலையுதிர் காலத்தில் வந்து இளவேனிலில் தானாகவே விட்டுப்போகிறதா என்பதுதான் அவருக்கு முக்கியம். வழக்கமான மனச்சோர்வில் பலருக்கு நித்திரையும் பசியும் குறையும். குளிர்கால மனச்சோர்வில் பெரும்பாலும் இரண்டும் கூடும் என்றார்.

கண்ணின் விழித்திரையில், பார்ப்பதற்கென்று இல்லாமல் வெளிச்சத்தை அளப்பதற்கென்றே சில நரம்புக் கலங்கள் இருக்கின்றன. மூளைக்குள் இருக்கிற கடிகாரத்துக்கு விடிந்துவிட்டது என்று செய்தி அனுப்புவது அவைதான். காலையில் அந்தச் செய்தி போகாவிட்டால் கடிகாரம் பிந்தும். நித்திரையைக் கொண்டுவரும் மெலட்டோனின் சுரப்பும் பிந்தி, நித்திரை, பசி, மனம் எல்லாம் அதோடு குழம்பும் என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். 1984இல் இந்த நோயை முறையாக விவரித்து எழுதியவர்களில் முதன்மையானவர் நோர்மன் ரொசென்தால். அவரும் வெயில் ஊரான தென்னாபிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்குப் போய், அங்கே குளிர்காலத்தில் தனக்கே சோர்வு வருவதைக் கண்டவர். இதைப் படித்த நாளில் எனக்குப் பாதிப் பாரம் இறங்கியது.

பஞ்சி என்று சொல்பவர்களுக்கு நான் இப்போது ருயுக்கான் கதையைச் சொல்கிறேன். தெற்கு நோர்வேயில் ஆழமான பள்ளத்தாக்கில் இருக்கும் தொழிற்சாலை ஊர் அது. செப்டெம்பர் கடைசியிலிருந்து மார்ச்வரை அங்கே வெயில் தரையில் விழாது. 1928இல் தொழிற்சாலை நிறுவனமே கம்பிவட ஊர்தி ஒன்றைக் கட்டிக் கொடுத்தது. எதற்கு? தொழிலாளர்களும் அவர்கள் குடும்பமும் மலைக்கு ஏறி வெயில் காய்ந்துவிட்டு வருவதற்கு. 2013இல் மலையில் பெரிய கண்ணாடிகளை நிறுத்தி, வெயிலை ஊர்ச் சதுக்கத்துக்குள் திருப்பிவிட்டார்கள். இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் வெயிலுக்காக இவ்வளவு செலவழித்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துப் புங்குடுதீவில் வளர்ந்த எனக்கு அது தேவைப்படக் கூடாதா?

சரி, நான் செய்வது என்ன என்று சொல்கிறேன்.

முதலாவது விளக்கு. 10,000 லக்ஸ் வெளிச்சம் தரும் சிகிச்சை விளக்கு. வீட்டு மின்குமிழ் வெளிச்சம் சில நூறு லக்ஸைத் தாண்டாது. காலை ஆறேகாலுக்கு எழும்பிச் சமையலறை மேசையில் அதை ஒரு பக்கமாக, முகத்திலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்துவிட்டு அரை மணித்தியாலம் இருப்பேன். அதை நேராக உற்றுப் பார்க்கக் கூடாது, கண்ணை மூடவும் கூடாது. அந்த வெள்ளை வெளிச்சத்தில் இடியப்பத்தின் ஒவ்வோர் இழையும் தனித்தனியாகத் தெரியும். தேத்தண்ணீரின் ஆவி சுருண்டு எழும்புவது தெரியும். மேசை விரிப்பில் கழுவியும் போகாத மஞ்சள் கறை தெரியும். யன்னலுக்கு வெளியே கும்மிருட்டு. அந்த நேரம் யாழ்ப்பாணத்தில் பதினொரு மணி ஆகியிருக்கும், அம்மா வீடியோவில் வருவார். மழை விட்ட நாளென்றால் முற்றத்தில் மிளகாய் காயப் போட்டிருப்பார், வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கதைப்பார். என் முகத்தைப் பார்த்து, "அங்க இப்ப விடிஞ்சிட்டுதே?" என்பார். விளக்கம்மா என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்.

பின்னேர வேலை என்றாலும் அதே நேரம் எழும்புகிறேன். விளக்கை இரவில் போட்டால் நித்திரை இன்னும் பிந்தும், ஆகவே அது காலைக்கு மட்டும். வாங்குமுன் வைத்தியரைக் கேளுங்கள். கண் நோய் உள்ளவர்களுக்கும் இருமுனைக் கோளாறு (மனம் அளவுமீறி எழும்புவதும் சோர்வதும் மாறி மாறி வரும் நோய்) உள்ளவர்களுக்கும் இது கவனமாகப் பார்க்க வேண்டிய விஷயம். எனக்குத் தெரிந்த ஓர் அக்காவுக்கு விளக்கு மட்டும் போதவில்லை, குளிசையும் எடுக்கிறார். அதில் ஒளிக்க ஒன்றும் இல்லை என்று அவரே எல்லோருக்கும் சொல்வார்.

அந்த அக்காவோடுதான் நடை. வேலை இல்லாத நாளில், நீல வெளிச்சம் இருக்கும்போதே, எங்கள் நகரம் இருக்கும் தீவின் மேட்டில் உள்ள பிரெஸ்ட்வான் ஏரியைச் சுற்றி நடப்போம். சப்பாத்துக்கு அடியில் ஆணி வைத்த றப்பரை மாட்டாவிட்டால் விழுந்தெழும்ப வேண்டியதுதான். எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. வர முடியாவிட்டால் குறுஞ்செய்தி அனுப்பக் கூடாது, தொலைபேசி எடுத்துக் குரலில் சொல்ல வேண்டும். சொல்ல வெட்கப்பட்டே பல நாள் போயிருக்கிறேன். போன பிறகு திரும்பி வர மனம் வருவதில்லை.

விற்றமின் டி பற்றி எல்லோரும் கேட்பார்கள். எடுக்கத்தான் வேண்டும். கண்டியில் இருக்கும் இலங்கையரையும் ஒஸ்லோவில் இருக்கும் இலங்கையரையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்றில், ஒஸ்லோவில் இருப்பவர்களின் இரத்தத்தில் அது தெளிவாகவே குறைவாக இருந்தது. நோர்வேக்காரர் மீன் எண்ணெயைக் குளிர் மாதங்கள் முழுக்கக் கரண்டியால் குடிக்கிறார்கள். நானும் மூக்கைப் பொத்திக்கொண்டு குடிக்கிறேன். ஆனால் எலும்புக்குச் செய்வதை அது மனதுக்கும் செய்யும் என்று நம்பி விளக்கை விட்டுவிட வேண்டாம்.

அப்புறம், கதைத்துச் செய்யும் சிகிச்சை. வெர்மொன்ட் பல்கலைக்கழகத்தில் கெல்லி ரோகன் குழு செய்த ஆய்வில், சிகிச்சை எடுத்த குளிர்காலத்தில் விளக்கும் கதைச் சிகிச்சையும் ஏறத்தாழ ஒரே பலன் தந்தன. இரண்டு குளிர்காலம் கழித்துப் பார்த்தபோது, கதைச் சிகிச்சை எடுத்தவர்களில் மறுபடி சோர்வு வந்தவர்கள் குறைவு. எனக்கு அது கற்றுத்தந்த பெரிய விஷயம் ஒன்று: டிசம்பரில் என் தலைக்குள் ஓடும் "இனி ஒன்றும் சரிவராது" என்ற நினைப்பை ஒரு பேப்பரில் எழுதி, அதற்குப் பக்கத்தில் திகதி போட்டு வைப்பது. ஏப்ரலில் அதை எடுத்துப் படிப்பேன்.

தைப்பொங்கல் இங்கே சூரியன் தெரியாமலே வரும். விடியக்காலையில் பொங்குவது எங்களுக்குச் சரிவராது. மத்தியானம் பதினொன்றரைக்கு, தெற்கு வானம் சிவக்கிற நேரத்தில், பல்கனியில் சின்ன அடுப்பை வைத்துப் பொங்குகிறோம். கை விறைக்கும், பால் பொங்க நேரம் எடுக்கும். பிள்ளைகள் குளிர்த் தொப்பியோடு "பொங்கலோ பொங்கல்" என்று கத்துவார்கள், பக்கத்து வீட்டு மூதாட்டி கதவைத் திறந்து பார்த்துக் கையசைப்பார். ஒரு கிழமை கழித்து அவர் எங்களுக்கு ஜாம் வைத்துப் பொரித்த சூரிய பன் கொண்டுவருவார். சூரியன் திரும்பி வரும் நாளில் ஊர் முழுக்க அதைத்தான் சாப்பிடும். அந்த இரண்டு நாட்களையும் நான் நவம்பரிலேயே நாட்காட்டியில் வட்டமிட்டுவிடுவேன், பிடித்துக்கொண்டு போக ஏதாவது வேண்டும்.

நோர்வேயில் இருப்பவர்களுக்கு: உயிரோடு இருக்க வேண்டாம் என்ற நினைப்பு வந்தால் 116 123க்கு எந்த நேரமும் எடுத்துக் கதைக்கலாம். அவசர வைத்தியர் 116 117. உயிருக்கு ஆபத்தென்றால் 113. உங்களுக்கும் வருடா வருடம் இது வருகிறதென்றால், குடும்ப வைத்தியரிடம் செப்டெம்பரிலேயே நேரம் எடுத்து வையுங்கள். நவம்பரில் தொலைபேசியைத் தூக்கவே கை வராது.