கடைசி நான்கு கிலோவுக்கு ஒன்றரை வருஷம்

67 கிலோவிலிருந்து 60-க்கு இறங்க எனக்கு ஆடியிலிருந்து மாசி வரை போதுமானதாக இருந்தது. 60-லிருந்து 56-க்கு இறங்க, அந்த மாசியில் தொடங்கி அடுத்த வருஷம் ஆவணி வரை ஆனது. முன்னது ஏழு கிலோ, பின்னது நான்குதான். என் கடைக்கு வரும் பெண்கள் பலர், "கடைசி மூணு கிலோ மட்டும் ஏன்க்கா அசையவே மாட்டேங்குது?" என்று கேட்கிறார்கள். கேட்கும்போதே பாதிப் பேர் இனி முடியாது என்று முடிவு செய்துவிட்டிருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கும்பகோணத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். காலையில் மெஷினில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பேன். நாற்பதைத் தாண்டியதும் எடுத்த ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) 6.1 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் அது சர்க்கரை நோய்க்கு முந்தைய படி. என் உயரம் 156 செ.மீ. உயரத்துக்கு எடை பொருந்துகிறதா என்று காட்டும் உடல் நிறை எண் (பி.எம்.ஐ.) இந்தியர்களுக்கு 23-க்குள் இருக்க வேண்டும், அந்தக் கணக்கில் உங்களுக்கு 56 கிலோ என்றார் மருத்துவர். இடுப்புச் சுற்று பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டக் கூடாது என்றும் சொன்னார்.

டேப் என் கழுத்திலேயே தொங்குவதால் அதைப் பற்றி ஒரு வார்த்தை. ஜாக்கெட்டுக்கு நாங்கள் எடுக்கும் இடுப்பு அளவு, கீழ்ப்பட்டி நிற்கும் இடத்தில் எடுப்பது. மருத்துவருக்கு வேண்டிய இடுப்பு அது இல்லை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் முனைக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டு முடித்த நேரத்தில், வயிற்றை எக்காமல், டேப்பை இறுக்காமல் எடுக்க வேண்டும். 80 செ.மீ. என்றால் முப்பத்தொன்றரை இன்ச். எனக்கு அப்போது 36 இருந்தது.

முதல் ஏழு கிலோவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஆடியில் கல்யாண வேலை கிடையாது, கை கொஞ்சம் ஓய்வாக இருக்கும் என்று அப்போது தொடங்கினேன். காபியில் சர்க்கரையை விட்டேன். இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்வதை நிறுத்தினேன். ராத்திரி தோசைக்குப் பதில் இட்லி. விடியற்காலையில் அரசலாற்றங்கரையில் நடை. முதல் சில வாரத்திலேயே முள் மளமளவென்று இறங்கியது. அதில் பெரும்பகுதி தண்ணீர்தான். மாவுச்சத்தை உடம்பு ஈரலிலும் தசையிலும் கிளைகோஜனாகச் சேர்த்துவைக்கிறது. ஒரு கிராம் கிளைகோஜனோடு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரும் தங்கும். சோறு குறைந்ததும் முதலில் அந்தத் தண்ணீர் வெளியேறுகிறது. தொடக்கத்தில் பார்த்த அந்த வேகத்தை மனதில் வைத்துக்கொண்டு கடைசி கிலோக்களை எதிர்பார்ப்பதால்தான் பலருக்கும் மனம் உடைகிறது.

மாசியில் நின்றுபோனது. அதே சாப்பாடு, அதே நடை, ஆனால் 60-ஐ விட்டு எடை நகரவில்லை. தைராய்டும் பார்த்தாகிவிட்டது, சரியாக இருந்தது. அப்போது எனக்குப் புரியவைத்தவள் என் அக்கா மகள். திருச்சியில் உணவியல் படிக்கிறாள்.

"சித்தி, நீங்க இப்ப 67 கிலோ ஆள் இல்லை. சின்ன உடம்பை நடத்துறதுக்குச் செலவும் சின்னதுதான். போன வருஷம் உங்களை இளைக்க வைச்ச சாப்பாடு, இந்த வருஷம் உங்களை அப்படியே வெச்சிருக்கும்" என்றாள்.

அவள் எடுத்துக் காட்டிய கணக்குகள் இன்றும் என் ஆர்டர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கின்றன. பத்து சதவீத எடை குறைந்தவர்களின் உடம்பு, அளவு சிறுத்ததற்கு ஏற்ற அளவைவிடவும் கூடுதலாகச் சிக்கனம் பிடிக்கிறது என்று அமெரிக்காவில் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் லைபலும் அவருடன் இருந்தவர்களும் 1995-ல் அளந்து சொன்னார்கள். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் இருந்த கெவின் ஹாலின் குழு 2016-ல் இன்னொரு கணக்கைத் தந்தது. ஒரு கிலோ குறைந்தால் உடம்பின் தினச் செலவு 20 முதல் 30 கலோரி வரை குறைகிறது. பசியோ ஏறக்குறைய 100 கலோரி கூடுதலாகச் சாப்பிடத் தூண்டுகிறது. ஏழு கிலோ இறங்கிய உடம்பு என்ன பாடு படுத்தும் என்று பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். மாசி மாதம் மாலை நாலு மணிக்கு எனக்கு ஏன் அப்படிப் பசித்தது என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. அது என் மன உறுதியின் குறை இல்லை என்று தெரிந்தது எனக்குப் பெரிய ஆறுதல்.

மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணை வரை வேகமாக வந்துவிடும். கடைமடைக்குப் போகப் போக நடை தளர்ந்துவிடும், ஏனென்றால் தரையில் சரிவு கிடையாது. என் உடம்பிலும் சரிவுதான் குறைந்திருந்தது. தொடக்கத்தில் சாப்பாட்டுக்கும் செலவுக்கும் நடுவே தினம் 400 கலோரி இடைவெளி இருந்தது. 60 கிலோவில், பட்டினி கிடக்காமல் என்னால் வைத்திருக்க முடிந்தது 150 கலோரிதான்.

ஒரு கிலோ கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரி. நான்கு கிலோ என்றால் 30,800. தினம் 150 வீதம் கழித்தால் சுமார் ஏழு மாதத்தில் முடிய வேண்டும். ஆனால் வாரத்தில் ஒரு நாள் முகூர்த்தச் சாப்பாடு என்று வையுங்கள். ஆறு நாளில் சேர்ந்த 900 கலோரியில் 500 அந்த ஒரு இலையில் போய்விடும், வாரத்துக்கு மிச்சம் 400. அப்படிப் பார்த்தால் 77 வாரம், அதாவது ஒன்றரை வருஷம். கல்யாண ஜாக்கெட் தைப்பவளுக்கு வைகாசியிலும் ஆவணியிலும் தையிலும் எத்தனை பத்திரிகை வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. போகாமலும் இருக்க முடியாது, இலையில் உட்கார்ந்து எழுந்து வரவும் எனக்கு மனம் வராது. அதனால் ஒன்றரை வருஷம் என்பதையே என் கணக்காக எடுத்துக்கொண்டேன். கடைசியில் நடந்ததும் அதுதான்.

அக்கா மகள் ஒரு சமையலறைத் தராசு வாங்கி வந்தாள். கொஞ்ச நாள் எல்லாவற்றையும் எடை போட்டுச் சாப்பிட்டேன். இடைவெளி 150 கலோரிதான் என்னும்போது, 15 மில்லி கொள்ளும் ஒரு பெரிய ஸ்பூன் எண்ணெயே 120 கலோரி. இட்லிப் பொடியில் குழி பறித்து விடும் நல்லெண்ணெய், தாளிப்பு, தேங்காய்த் துவையல், காஜா கட்டும்போது கொறிக்கும் கடலை, இவையெல்லாம் கண்ணுக்குச் சாப்பாடாகவே தெரிவதில்லை. ஒரு கைப்பிடி கடலை, 30 கிராம், 170 கலோரி. எவ்வளவு கட்டுப்பாடாக இருந்தும் இளைக்கவில்லை என்று வந்தவர்களை 1992-ல் நியூயார்க்கில் ஆராய்ந்தபோது, அவர்கள் எழுதிக் கொடுத்ததைவிட உண்மையில் சாப்பிட்டது மிக அதிகம் என்று தெரிந்தது. சராசரியாக 47 சதவீதம் கணக்கில் விட்டுப்போயிருந்தது. அவர்கள் பொய் சொன்னவர்கள் இல்லை. மனிதக் கண்ணுக்கு எண்ணெயை அளக்கத் தெரியாது, அவ்வளவுதான்.

அரிசியை மாற்றினால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் நம் பக்கத்தில் நிறைய. மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி, கருப்புக் கவுனி எல்லாம் அருமையான அரிசிகள். நெல் ஜெயராமன் போன்றவர்கள் தேடித் தேடிக் காப்பாற்றிக் கொடுத்த சொத்து அது. தீட்டாத சிவப்பரிசியில் நார்ச்சத்து அதிகம், வயிறும் சீக்கிரம் நிறையும். ஆனால் எந்த அரிசியாக இருந்தாலும் 100 கிராம் உலை அரிசிக்கு 350 கலோரியை ஒட்டித்தான் வரும். அளவு குறையாமல் ரகம் மட்டும் மாறினால் எடை மாறாது.

என் முறையை மாற்றிய யோசனை ஹாலின் 2011-ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்து வந்தது. தினச் சாப்பாட்டில் நிரந்தரமாக 24 கலோரி குறைத்தால் எடை கடைசியில் ஒரு கிலோ குறைந்து நிற்கும். அதில் பாதி ஒரு வருஷத்தில் நடக்கும், ஏறக்குறைய முழுவதும் நடக்க மூன்று வருஷம் ஆகும். என் நான்கு கிலோவுக்கு 100 கலோரி. அப்படியானால் "இளைப்பதற்கான சாப்பாடு" என்று தனியாக ஒன்று வேண்டியதில்லை. 56 கிலோ ஆள் வாழ்நாள் முழுக்கச் சாப்பிடக்கூடியதை நான் இன்றே சாப்பிடத் தொடங்கினால் போதும், உடம்பு மெதுவாக அங்கே வந்து சேரும். அதற்கு மேல் ஒரு 50 கலோரியை மட்டும் பிடித்துக்கொண்டேன். கஞ்சி மட்டும் குடித்து ஒரு மாதத்தில் முடித்துவிடலாம் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். முடிக்கலாம்தான். ஆனால் அந்தக் கஞ்சியை விடும் நாளில், 100 கலோரிப் பிரச்சினை அப்படியே வாசலில் காத்திருக்கும்.

அப்புறம் தராசு. ஒன்றரை வருஷத்தில் நான்கு கிலோ என்றால் வாரத்துக்கு 50 கிராம்தான் வருகிறது. வீட்டுத் தராசு காட்டுவதே 100 கிராம் படியில். ஊறுகாயும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்ட மறுநாள் ஒரு கிலோ ஏறி நிற்கும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் பலருக்கு அதே அளவு நீர் கோக்கும். இதற்கு நடுவில் 50 கிராமை எங்கே தேடுவது? தினமும் காலையில் எடை பார்த்து எழுதி, வாரச் சராசரி போட்டு, அதைப் போன மாதத்தின் அதே வாரத்தோடு மட்டும் ஒப்பிட்டேன். மாதச் சுழற்சி உள்ள பெண்களுக்கு இதைத் தவிர நம்பத்தக்க வழி எனக்குத் தெரியவில்லை. சராசரியும் அசையாத மாதங்களில் டேப் பேசியது. எடை 59-லேயே நின்ற காலத்தில் இடுப்பு முக்கால் இன்ச் குறைந்தது. என் சொந்த ஜாக்கெட்டுகளைப் பிடித்துத் தைக்க வேண்டி வந்ததால், அதை நம்பாமல் இருக்கவும் வழியில்லை.

இடுப்பு குறைந்ததற்குக் காரணம் தசை என்று நினைக்கிறேன். வெறும் பட்டினியில் இளைத்தால், போகும் எடையில் கால் பங்கு வரை தசையாகப் போகலாம். அதனால் நடையோடு, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, தண்ணீர்க் குடத்தைத் தூக்கி இறக்குவது என்று வாரத்தில் சில நாள் செய்தேன். சாப்பாட்டில் சோற்றின் இடத்தைக் கொஞ்சம் பயறுக்குக் கொடுத்தேன். சம்பா அறுப்புக்கு முன்னால் வயலில் தெளித்து விடும் உளுந்தும் பச்சைப் பயறும் பங்குனி, சித்திரையில் நம் ஊரிலேயே மலிவாகக் கிடைக்கும். 100 கிராம் பயறில் 24 கிராம் புரதம். அதோடு முட்டை, வாரத்தில் இரண்டு நாள் மீன். மாலை நாலு மணிப் பசியை அடக்கியது ஒரு கிண்ணம் சுண்டல்தான், வேறு எதுவும் இல்லை.

ஐப்பசி வந்தால் எங்கள் தொழிலில் தூக்கம் கிடையாது. ஆற்றங்கரையும் சேறாகிவிடும். தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு உணவையும் குறைத்தால் கரைவதில் கொழுப்பின் பங்கு பாதிக்கும் கீழே போய்விடுகிறது என்று 2010-ல் சிகாகோவில் ஒரு சிறிய ஆய்வு காட்டியது. அதனால் தீபாவளி முடியும்வரை இளைக்க முயலவே இல்லை. ஏறாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே அந்த மாதத்தின் வேலை. மழை விட்ட நேரத்தில் மகாமகக் குளத்தைச் சுற்றி நடப்பேன், அவ்வளவுதான். அந்த இடைவெளி இல்லாமல் போயிருந்தால் கார்த்திகையில் எல்லாவற்றையும் விட்டிருப்பேன்.

ஊர்ப் பேச்சையும் சொல்ல வேண்டும். 60-ஐத் தாண்டி இறங்கிய பிறகு பார்க்கிறவர்கள் எல்லாரும் "சுகர் வந்துடுச்சா?" என்று கேட்டார்கள். என் மாமியார், "கன்னம் ஒட்டிப் போச்சேம்மா, ஒரு கரண்டி நெய் விட்டுக்கோயேன்" என்று தினமும் சொல்வார். அது பாசம். அத்தை கையால் ஒரு ஸ்பூன் நெய்யை வாங்கிக்கொண்டு, அன்றைக்குத் தாளிப்பில் எண்ணெயைக் குறைத்துக்கொள்வேன்.

அவசரப்படாமல் இருக்க எனக்குத் தைரியம் கொடுத்தது ஒரு விஷயம். அமெரிக்காவில் 2002-ல் வெளிவந்த பெரிய ஆய்வில், 7 சதவீத எடைக் குறைப்பையும் வாரம் 150 நிமிட நடையையும் இலக்காக வைத்தவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. சென்னையில் மருத்துவர் ஏ.ராமச்சந்திரன் குழு 2006-ல் வெளியிட்ட ஆய்வில், எடை பெரிதாகக் குறையாமலே, உணவையும் நடமாட்டத்தையும் மாற்றியதால் 28.5 சதவீதம் குறைந்தது. என் எடையில் 7 சதவீதம் என்பது ஐந்து கிலோகூட இல்லை. அதாவது முக்கியமான பலனை முதல் ஏழு கிலோவிலேயே வாங்கிவிட்டேன். அந்த மாசியிலேயே என் சர்க்கரை 5.8-க்கு வந்திருந்தது. மிச்சம் நான்கு கிலோவுக்காக என்னை வருத்திக்கொள்ள எந்த அவசியமும் இருக்கவில்லை. ஏற்கெனவே உடல் நிறை எண் 23-க்குள்ளும் இடுப்பு 80-க்குள்ளும் இருக்கிறவர்கள் இன்னும் மூன்று கிலோ என்று கிளம்புவதை நான் ஊக்குவிப்பதே இல்லை.

ஆவணியில் வாரச் சராசரி 56-ஐத் தொட்டது. சர்க்கரை 5.6, இடுப்பு 31 இன்ச். சாப்பாட்டில் எதையும் மாற்றவில்லை, மேலே பிடித்திருந்த அந்த 50 கலோரியை மட்டும் விட்டுவிட்டேன். அது காலையில் இன்னொரு இட்லி.

இப்போது கல்யாணப் பெண்கள் வந்து, முகூர்த்தத்துக்குள் நாலு கிலோ குறைத்துவிடுவேன், ஒரு சுற்றுச் சிறியதாகவே தைத்துவிடுங்கள் அக்கா என்பார்கள். முகூர்த்தம் பெரும்பாலும் அடுத்த மாதம் இருக்கும். மேலே சொன்ன கணக்கை நோட்டில் காட்டிவிட்டு, இன்றைய உடம்புக்கே அளவு எடுக்கிறேன். உள்ளே இரண்டு பக்கமும் ஒரு இன்ச் துணி விட்டுத் தைக்கிறேன்.