பகுதி சபைக்கு எதைக் கொண்டுபோவது?

சென்னையின் தெற்குப் புறநகர் ஒன்றில் இயங்கும் குடியிருப்போர் நலச்சங்கத்தின் செயற்குழுவில் சில ஆண்டுகளாக இருந்து வருகிறேன். மனு எழுதுவது, மண்டல அலுவலகத்துக்குப் போவது, மாமன்ற உறுப்பினரைச் சந்திப்பது, கூட்டக் குறிப்பைப் பதிவேட்டில் ஏற்றுவது என்று பெரும்பாலும் எழுத்து வேலையே எனக்கு வாய்த்தது. இதிலிருந்து எனக்கு ஏற்பட்ட உறுதியான எண்ணம் இதுதான்: சங்கங்களின் கோரிக்கைகளில் பெரும்பாலானவை நியாயமானவை, ஆனால் அவை தவறான மேசைக்கோ, ஒப்பந்தம் முடிந்த பிறகோ, ஒரு பொறியாளர் தம் செலவு மதிப்பீட்டில் சேர்க்க இயலாத வடிவத்திலோ போய்ச் சேர்வதால் வீணாகின்றன. இதைச் சரிசெய்வதற்கு நல்ல இடமாகப் பகுதி சபை, அதாவது வார்டின் ஒரு பகுதியில் வாழும் வாக்காளர்கள் அனைவரும் கூடும் கூட்டம், இருக்க முடியும் என்று நம்புவதால் இதை எழுதுகிறேன்.

2011-இல் சென்னை மாநகராட்சி விரிவாக்கப்பட்டபோது 174 சதுர கிலோமீட்டராக இருந்த பரப்பு 426 ஆனது. சுற்றியிருந்த 9 நகராட்சிகளும், 8 பேரூராட்சிகளும், 25 ஊராட்சிகளும் இணைக்கப்பட்டன. 155 வார்டுகள் 200 ஆயின, அவற்றில் 93 புதிதாகச் சேர்ந்த பகுதிகளுக்கு உரியவை. இந்த இணைப்பால் அகலச் சாலையும் வடிகாலும் குப்பை அகற்றும் வசதியும் வரும் என்ற எதிர்பார்ப்பு பரவலாக இருந்தது, அதில் ஒரு பகுதி நிறைவேறியும் இருக்கிறது. ஆனால் அந்த 25 ஊராட்சிகளின் மக்கள் இழந்த ஒன்றைப் பற்றி அப்போது அதிகம் பேசப்படவில்லை. ஊராட்சியாக இருந்தவரை, கிராம சபையில் எழுந்து நின்று வரவு செலவைக் கேட்கும் உரிமை ஒவ்வொரு வாக்காளருக்கும் சட்டப்படி இருந்தது. மாநகராட்சியான மறுநாள் அந்த உரிமை மறைந்தது; அதற்கு ஈடாக நகரத்தில் அப்போது எதுவும் நடைமுறையில் இருக்கவில்லை. ஒரு வார்டில் சராசரியாக முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழும் இடத்தில், ஒரே ஒரு மாமன்ற உறுப்பினரின் வீட்டு வாசல்தான் மன்றமாயிற்று.

அந்த வாசலும் 2016 அக்டோபரில் மூடப்பட்டது. மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது; நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தல் நீதிமன்ற வழக்கால் நின்றது; 2022 பிப்ரவரி 19-இல் வாக்குப்பதிவு நடக்கும் வரை ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தனி அலுவலரின் பொறுப்பில் நகரம் இருந்தது. வர்தா புயலும் 2021 நவம்பர் வெள்ளமும் இந்த இடைவெளியில்தான் வந்தன. மரம் விழுந்தாலும் தண்ணீர் புகுந்தாலும் சொல்வதற்குப் பிரதிநிதி இல்லாததால் நலச்சங்கங்கள் நேரடியாக உதவிப் பொறியாளரிடமும் மண்டல அலுவலரிடமும் பேசிப் பழகின. அது அந்தக் காலத்தின் தேவை. அதே பழக்கம் 2022-க்குப் பிறகும் தொடர்ந்ததால்தான் பல இடங்களில் சங்கத்துக்கும் மாமன்ற உறுப்பினருக்கும் இடையே ஒரு மனக்கசப்பு நிலவுகிறது என்று நான் கருதுகிறேன். வாக்குப் பெற்று வந்தவருக்குத் தம்மைத் தாண்டி அதிகாரியிடம் போகிறார்கள் என்ற வருத்தம். இவர் நேற்று வந்தவர், தெருவை அறிந்தவர்கள் நாங்கள்தான் என்ற எண்ணம் சங்கத்துக்கு. இரண்டையும் களைய வேண்டிய முதல் பொறுப்பு சங்கத்துக்கே உண்டு. ஏனெனில் மாமன்றத்தில் கைதூக்கும் உரிமை அவருக்குத்தான் இருக்கிறது.

மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் அமைய வேண்டும் என்று 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் சொல்லி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆன நிலையில், தமிழ்நாட்டில் வார்டு குழு, பகுதி சபை ஆகியவற்றுக்கான விதிகள் 2022-இல் வெளியாயின. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தன்று, நகர்ப்புறங்களில் பகுதி சபைகள் கூடின. தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சரே கலந்துகொண்டார். ஒரு வார்டு பல பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள அனைவரும் அதன் சபையின் உறுப்பினர்கள். பகுதிக்கு ஒருவர் வார்டு குழுவில் இடம்பெறுகிறார். அவர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை, நியமிக்கப்படுகிறார் என்பது இந்த அமைப்பின் பெருங்குறை. இதை எல்லா மேடைகளிலும் சொல்லத்தான் வேண்டும். அதற்காகச் சபைக்கே போகாமல் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. காலியான நாற்காலிகளுக்கு முன்னால் நடந்து முடிந்த கூட்டத்தின் பதிவேட்டில் எந்தக் கோரிக்கையும் ஏறாது.

இனி அந்தச் சபைக்கு எதைக் கொண்டுபோவது என்பதைச் சாலை மட்டத்தை வைத்துச் சொல்கிறேன். சென்னையில் இருபது, முப்பது ஆண்டுப் பழமையுள்ள எந்த வீட்டின் முன்னும் இதைக் காணலாம். கட்டியபோது மூன்று படி ஏறிச் செல்லும்படி இருந்த வீட்டுக்கு இன்று தெருவிலிருந்து இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் பழைய சாலையின் மேலேயே புதிய தார் அடுக்கு ஏறுவதால் தெரு சிறிது சிறிதாக உயர, மழைநீர் வடிகாலுக்குப் போக வேண்டிய தண்ணீர் முற்றத்துக்கு வருகிறது. வசதி உள்ளவர்கள் வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்குகிறார்கள். இல்லாதவர்கள் வாசலில் சிமென்ட் தடுப்புக் கட்டிக்கொண்டு மழைக்காலத்தைக் கழிக்கிறார்கள். பழைய அடுக்கை மில்லிங் இயந்திரத்தால் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில்தான் புதிய சாலை போட வேண்டும் என்று 2021-இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தியது பலருக்கு நினைவிருக்கும். அதன்பின் நிலைமை மேம்பட்டிருக்கிறது. ஆனால் பெரிய இயந்திரம் நுழைய முடியாத குறுகிய தெருக்களில் வேலை எப்படி நடக்கிறது என்பதை அந்தத் தெருக்காரர்கள்தான் கண்காணிக்க வேண்டியிருக்கிறது.

“எங்கள் தெருச் சாலை மோசமாக உள்ளது, புதிய சாலை அமைத்துத் தருக” என்று மனு கொடுத்தால் கிடைப்பது இன்னொரு அடுக்காக இருக்கக்கூடும். ஆகவே எங்கள் சங்கத்தில் மனுவின் வடிவத்தையே மாற்றினோம். தெருவின் இரு முனைகளிலும் நடுவிலும், சாலையின் மேற்பரப்புக்கும் வீட்டு வாசற்படிக்கும் இடையே உள்ள உயரத்தை அளவு நாடா வைத்து அளந்து படத்தோடு இணைக்கிறோம். வேலை தொடங்கும் முன் சுற்றுச்சுவர்களில் அன்றைய சாலை மட்டத்தை வண்ணத்தால் கோடிட்டு வைக்கிறோம். பிறகு மட்டம் உயர்ந்ததா இல்லையா என்பதில் யாருக்கும் வாதம் வராது. வடிகாலின் நீர் நுழைவாய்கள் எந்தெந்த வீட்டின் எதிரே உள்ளன, அவற்றில் எவை மண்ணால் மூடியுள்ளன என்பதையும் வரைபடத்தில் குறிக்கிறோம். இவற்றையெல்லாம் மதிப்பீடு தயாராகும் முன்பே கொடுத்துவிட வேண்டும். மில்லிங் என்ற வேலை மதிப்பீட்டில் இடம்பெறவில்லை என்றால், ஒப்பந்ததாரரிடம் தெருவில் நின்று எவ்வளவு வாதாடினாலும் அவருக்குப் பணம் ஒதுக்கப்படாத ஒரு வேலையையே செய்யச் சொல்கிறோம்.

எது யாருடைய வேலை என்பதிலும் இதே கவனம் வேண்டும். உட்புறத் தெருவை மண்டலப் பொறியாளர்கள் பார்க்கிறார்கள். பேருந்து ஓடும் சாலைகளுக்கு மாநகராட்சியிலேயே தனித் துறை இருக்கிறது. சில பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறையுடையவை. குடிநீரும் கழிவுநீரும் 1978 முதல் தனி வாரியத்தின் பொறுப்பு. மழைநீர் வடிகாலில் கழிவுநீர் கலக்கும்போதுதான் இந்தப் பிரிவினையின் முழு வேதனை தெரியும். வடிகால் மாநகராட்சியுடையது, அதில் ஓடும் கழிவு வாரியம் தடுக்க வேண்டியது, அதைத் திருட்டுத்தனமாக இணைத்தவரோ பல நேரங்களில் சங்கத்தின் உறுப்பினர். இந்தக் கடைசி உண்மையைச் சங்கக் கூட்டத்தில் முதலில் பேசிவிட்டுத்தான் அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். பகுதி சபையின் பயன் இங்குதான் பெரிது: இரு துறையினரையும் ஒரே கூடத்தில் வைத்துக்கொண்டு, பொதுமக்கள் முன்னிலையில், இந்த இணைப்பை யார் எப்போது துண்டிப்பது என்று கேட்டுப் பதிவு செய்ய முடியும். சாலை வெட்டும் அனுமதி வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நிறுத்தப்படும் என்பதால், குழாய் சம்பந்தப்பட்ட கோரிக்கையைக் கோடையிலேயே முடித்துக்கொள்ள வேண்டும்.

சங்கங்களைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது. 1975-ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். அதன் பெயரில் தெருவின் பெயர் இருப்பதாலேயே அது தெருவுக்காகப் பேசும் தகுதியைப் பெற்றுவிடாது. பெரும்பாலான சங்கங்களில் வீட்டு உரிமையாளர்கள்தான் உறுப்பினர்கள். வாடகைக்கு இருப்போருக்கு இடமில்லை, அல்லது இடமிருந்தும் வாக்கில்லை. தெருமுனையில் இஸ்திரி போடுபவரையோ, கால்வாய் ஓரத்துக் குடிசைகளில் இருப்போரையோ யாரும் கேட்பதில்லை. அவர்களை அகற்றுவதையே கோரிக்கையாக வைக்கும் சங்கங்களும் உண்டு என்பது எனக்கு ஆழ்ந்த வருத்தம் தருகிறது. பகுதி சபையில் சொத்து வரி ரசீது கேட்கப்படுவதில்லை, வாக்காளராக இருந்தால் போதும். குடிசைப் பகுதியின் பொதுக்கழிப்பறையும் எங்கள் தெருவின் வடிகாலும் அங்கே ஒரே வரிசையில் வைக்கப்படும்போது, எது அவசரம் என்பதை எல்லோரும் சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும். நமக்கு நாமே திட்டத்திலும் இதே கேள்வி எழுகிறது. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் செலுத்தினால் மீதியை அரசு தரும் என்பது பூங்காவுக்கும் விளையாட்டிடத்துக்கும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த ஒரு பங்கைத் திரட்ட இயலாத தெருக்களுக்காகவும் பக்கத்துச் சங்கங்கள் நிதி சேர்த்தால்தான் அது நியாயமாக இருக்கும்.

அடுத்த பகுதி சபைக்கு எங்கள் சங்கம் மூன்று கோரிக்கைகளை மட்டும் கொண்டுபோகிறது. இரண்டு தெருக்களுக்கு மில்லிங்கை மதிப்பீட்டிலேயே சேர்க்க வேண்டும் என்பது முதலாவது. கழிவுநீர் கலக்கும் வடிகாலை மாநகராட்சிப் பொறியாளரும் வாரியப் பொறியாளரும் ஒரே நாளில் சேர்ந்து ஆய்வு செய்ய வேண்டும் என்பது இரண்டாவது. கால்வாய் ஓரக் குடியிருப்புக்குத் தெருவிளக்கு வேண்டும் என்பது மூன்றாவது, இதை அங்கே வசிக்கும் பெண்களே எழுந்து பேச இசைந்திருக்கிறார்கள். மனுவின் ஒரு படியை மாமன்ற உறுப்பினரிடம் முன்கூட்டியே கொடுத்திருக்கிறோம். கூட்டக் குறிப்பின் நகலை ஒரு வாரத்துக்குள் எழுத்து மூலம் கேட்போம். கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிப்போம்.