செம்மண் பாத்தியில் வெளுத்த துளசி

செந்தூலில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு சின்ன மூலிகைப் பாத்தி: துளசி, புதினா, கறிவேப்பிலை, ஓரத்தில் செராய் (எலுமிச்சைப்புல்). பள்ளத்தை நிரவ எப்போதோ கொட்டிய சுண்ணாம்புக்கல் குவாரித் தூளும் சிமென்ட் இடிபாடும் அடியில் கிடக்கின்றன. மேலே செம்மண்.

கோலாலம்பூர்ப் பக்கத்து மண் இயல்பாகவே புளிப்பு மண். விடாத மழை சுண்ணாம்பை அரித்துக்கொண்டு போய்விடும். அதனால்தான் இங்கே யாரைக் கேட்டாலும் ‘சுண்ணாம்பு போடுங்கள்’ என்பார்கள். என் பாத்தி நேர்மாறு. ஒரு பிடி மண்ணில் வினிகர் விட்டால் சுருசுருவென்று நுரைக்கிறது. புளிப்பு-கார அளவான பி.எச் (7 நடுநிலை, கூடினால் காரம்) 8-ஐ ஒட்டி நிற்கிறது.

துளசியின் கொழுந்து வெளிறிப்போய், நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தது. அடி இலை முதலில் மஞ்சளானால் தழைச்சத்து (நைட்ரஜன்) குறையையோ மக்னீசியக் குறையையோ சந்தேகிக்கலாம். கொழுந்தில் தொடங்கினால் பெரும்பாலும் இரும்புக் குறை. பழைய இலையில் இருக்கும் இரும்பு புது இலைக்கு எளிதில் இடம் மாறாது.

பக்கத்து வீட்டு அக்கா, “துருப்பிடிச்ச ஆணியைப் புதைச்சு வைங்க தம்பி” என்றார். ஆனால் செம்மண்ணின் சிவப்பே இரும்புத் துருதானே! இரும்புக்குப் பஞ்சமில்லை, பூட்டிக் கிடக்கிறது. பி.எச் ஒரு படி ஏறினால் மண்நீரில் கரைந்திருக்கும் இரும்பு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். துத்தநாகமும் மாங்கனீசும் இதே பாடுதான் படுகின்றன. மழை வலுத்து மண் நீர் கோத்துக்கொண்டால் இன்னும் மோசம். வேர் விடும் கரியமில வாயு வெளியேற முடியாமல் சுண்ணாம்போடு சேர்ந்து பைகார்பனேட் ஆகிறது. இரும்பைப் பிடிக்க வேர் சுரக்கும் அமிலத்தை அது அங்கேயே முறித்துவிடும். அதனால் முதல் வேலையாகப் பாத்தியை ஒரு சாண் உயர்த்தி வடிகால் வெட்டினேன்.

அதே மண்ணில் செராய் மட்டும் பச்சைப்பசேல் என்று நின்றது. செராய் புல் இனம். புல்லின் வேர், இரும்பைக் கவ்வி இழுத்து வரும் ஒரு பொருளைத் தானே சுரக்கும். துளசிக்கும் புதினாவுக்கும் அந்த வித்தை கிடையாது.

அப்புறம் மருந்து. அன்னபேதி உப்பை, அதாவது ஃபெரஸ் சல்பேட்டை, இந்த மண்ணில் கொட்டிப் பயனில்லை. கொஞ்ச நேரத்தில் பழுப்பாகி அதுவும் துருவாகிவிடும். இலையில் அடிக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி, 1 கிராம் சிட்ரிக் அமிலம்; வெயில் இறங்கிய பிறகு அடித்தேன். சில நாளில், துளி விழுந்த இடமெல்லாம் பச்சைப் புள்ளி, மற்ற இடம் மஞ்சள். இரும்பு இலைக்குள் எவ்வளவு குறைவாக நகர்கிறது என்று அந்த ஒரு இலையைப் பார்த்தாலே தெரியும். இலையைப் பறித்துத் தின்னும் செடி என்பதால் அடித்த தழையைக் கழித்துவிட்டு, புதுத் தளிரைத்தான் சமையலுக்கு எடுக்கிறோம்.

வேருக்குக் கீலேட் இரும்பு, அதாவது மண் பூட்டிவிடாதபடி வேறொரு பொருள் கவ்விப் பிடித்திருக்கும் இரும்பு. வாங்கும்போது பெயரைக் கவனியுங்கள். இ.டி.டி.ஏ வகை பி.எச் 6.5 தாண்டினால் இரும்பைக் கைவிட்டுவிடும், டி.டி.பி.ஏ 7.5 வரை தாங்கும். நுரைக்கும் மண்ணுக்கு இ.டி.டி.எச்.ஏ வகைதான் சரி. கரைத்தால் தண்ணீர் அடர்சிவப்பாகும். விலை கூடுதல்தான், ஆனாலும் எனக்குத் துளசியைத் திருப்பிக் கொடுத்தது இதுதான். மஞ்சளான இலை அப்படியேதான் இருந்தது. அடுத்து விட்ட இணை இலைகள் முழுப் பச்சையாக வந்தன.

கந்தகத்தால் பாத்தி முழுவதையும் மாற்றலாமா என்று கணக்குப் போட்டேன். ஒரு கிலோ சுண்ணாம்பை முறிக்க 320 கிராம் கந்தகம் வேண்டும். 100 கிலோ மண்ணில் 5 விழுக்காடு சுண்ணாம்பு என்றால் 1.6 கிலோ கந்தகம். அவ்வளவையும் செடி நிற்கும் மண்ணில் கொட்ட முடியாது. ஆகவே செடியைச் சுற்றிச் சின்னக் குழிகள் போட்டு, மக்கிய உரத்தோடு கொஞ்சம் கந்தகத்தூள் கலந்து வைத்திருக்கிறேன். மண்ணிலுள்ள பாக்டீரியா அதை மெல்ல அமிலமாக்கும். நம் ஊர்ச் சூடும் ஈரமும் அதற்குத் தோது. பாத்தி முழுக்க மாறாவிட்டாலும் வேர் நுனிக்கு நாலு இடத்தில் கதவு திறந்தால் போதும். தழைச்சத்துக்கு அம்மோனியம் சல்பேட்டை அளவாகப் போடுகிறேன். அதை உறிஞ்சும் வேர் தன்னைச் சுற்றிப் புளிப்பை விடும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) உரத்தை நிறுத்திவிட்டேன். அது மிஞ்சினால் இரும்பையும் துத்தநாகத்தையும் சேர்த்தே முடக்கும்.

புதினா தேறிவிட்டது. கறிவேப்பிலை இன்னும் முழுதாகத் தேறவில்லை. அதன் கொழுந்து சிறுத்து, கணுக்கள் நெருங்கி வருகின்றன. அது துத்தநாகக் குறையின் அடையாளம். அடுத்து ஒரு கிளைக்கு மட்டும் துத்தநாக சல்பேட் அடித்து, மற்றக் கிளைகளோடு ஒப்பிடப் போகிறேன்.