பனியன் துணியும் கை ஊசியும்: ஒரு தையல் நாட்குறிப்பு

ஜனவரி 6

துணி எடுத்தாயிற்று. முழுப் பருத்தியில் பனியன் துணி, இரண்டு நிறம். மேலே வைக்கக் கருநீலம், அடியில் வைக்கச் சாம்பல். எடை சதுர மீட்டருக்கு 180 கிராம். 140, 150 கிராம் துணி உடம்பில் அழகாக விழும்தான். ஆனால் இரண்டு அடுக்காக வைத்துத் தைத்தால் ஊசி போன இடமெல்லாம் சுருங்கும். 220-க்கு மேல் போனால் விரல் வலிக்கும். லைக்ரா என்ற இழுவை இழை கலந்ததை வேண்டுமென்றே தவிர்த்தேன். அது எப்போதும் தன் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். கைத்தையல் நூல் அதற்கு ஈடுகொடுக்காது.

திட்டம் இதுதான்: மெஷினைத் தொடாமல் ஒரு மேலாடை. முழங்கை வரை கை, இடுப்புக்குக் கீழே இறங்கும் நீளம், முன்பக்கம் முழுக்க இலை வேலைப்பாடு: இரண்டு அடுக்கையும் இலை வடிவில் சேர்த்துத் தைத்து, மேலடுக்கை மட்டும் வெட்டி அடி நிறத்தைக் காட்டுவது.

"மெஷின் இருக்கும்போது எதற்கு இந்த வேலை?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். வீட்டு மெஷினின் நேர்த்தையல் பனியன் துணிக்கு ஏற்றதல்ல. ஊசிக்கு அருகே துணியை அழுத்திப் பிடிக்கும் தகடான பாதம் அதை இழுத்துக்கொண்டே போவதால் ஓரம் அலை அலையாக எழும். போட்டுக் கழற்றும்போது துணி இழுபடும், நூல் இழுபடாது, பட்டென்று அறும். தொழிற்சாலைகளில் இதற்கு, துணியோடு சேர்ந்து நீளும் தையல் போடும் ஓவர்லாக் மெஷின் உண்டு. கையில் தைத்தால் ஒவ்வொரு தையலையும் எவ்வளவு இறுக்குவது என்பது நம் கையில். இந்த உடை முழுவதும் அந்த ஒரு முடிவைத்தான் திரும்பத் திரும்ப எடுக்கப்போகிறோம்: எந்த இடம் இழுபட வேண்டும், எந்த இடம் இழுபடவே கூடாது.

ஜனவரி 8

வெட்டுவதற்கு முன் துவைத்தாக வேண்டும். 20 செ.மீ. சதுரமாக ஒரு துண்டு வெட்டி, துணியோடு சேர்த்தே துவைத்துக் காயவைத்து அளந்தேன். நீளவாக்கில் 18.6, அகலவாக்கில் 19.4. அதாவது நீளத்தில் 7 சதவீதம், அகலத்தில் 3. துவைக்காமல் தைத்திருந்தால் 65 செ.மீ. நீள உடை முதல் சலவையிலேயே நாலரை செ.மீ. ஏறியிருக்கும்.

நீளத்தில் அதிகம் சுருங்குவதற்குக் காரணம் உண்டு. பின்னும்போதும் சாயமேற்றும்போதும் துணியை நீளவாக்கில் இழுத்தபடிதான் கொண்டுபோகிறார்கள். தண்ணீர் பட்டதும் கண்ணிகள், அதாவது பின்னலின் நூல் வளையங்கள், தளர்ந்து தம் இயல்பான வடிவத்துக்கு வந்துவிடும்.

ஜனவரி 9

வெட்டினேன். உடம்புக்குச் சரியாகப் பொருந்தும் பழைய டி-ஷர்ட் ஒன்றைத் தாளில் விரித்து வரைந்த அச்சு. சுற்றிலும் தையலுக்கு 6 மி.மீ. மட்டும் விட்டேன். பிசிறு பிரியாத துணிக்கு அதற்கு மேல் தேவையில்லை.

துணியை மடிக்கும்போது ஓரத்தோடு ஓரம் வைத்து மடிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நல்ல பக்கத்தை உற்றுப் பார்த்தால் சின்னச் சின்ன V வடிவங்கள் மேலிருந்து கீழாக வரிசையாகப் போகும். ஒரே ஒரு வரிசையைப் பிடித்துக்கொண்டு அதன் மேலேயே மடிக்க வேண்டும். மலிவான டி-ஷர்ட்களில் சில சலவைக்குப் பிறகு பக்கத் தையல் வயிற்றுப் பக்கமாகத் திரும்பிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். நூலுக்குள் மிச்சமிருக்கும் முறுக்கு கண்ணிகளைச் சாய்த்துவிடுவதால் வரும் கோணல் அது. துவைத்து, V வரிசையைப் பார்த்து வெட்டினால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

எது நல்ல பக்கம் என்று தெரியாவிட்டால், குறுக்காக வெட்டிய ஓரத்தைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். நல்ல பக்கமாகச் சுருளும். நெடுக்கு ஓரம் இதற்கு நேர்மாறு, உள்பக்கமாகச் சுருளும். இந்தச் சுருளைத் திட்டித் தீர்ப்பவர்கள் உண்டு. எனக்கு இது பிடிக்கும். இந்த உடையின் அழகில் பாதி அதுதான்.

ஜனவரி 12

நூல் பற்றி நிறைய எழுதலாம். சாதாரணத் தையல் நூல் வேண்டாம். பொத்தான் தைக்கும் தடித்த நூல், இரட்டையாக. அறுந்தால் உடையே திறந்துவிடும் அல்லவா.

கை நீட்டினால் எட்டும் நீளத்துக்கு மேல் நூல் எடுக்கக் கூடாது. நீளமாக எடுத்தால் அடிக்கடி கோர்க்க வேண்டாமே என்று தோன்றும். ஆனால் துணிக்குள் போய்ப் போய் வரும்போது நூல் தேய்கிறது, முறுக்கும் ஏறுகிறது. முறுக்கு ஏறிய நூல்தான் தன்னைத்தானே சுற்றி முடிச்சு விழுகிறது. கோர்த்து முடித்ததும் ஊசியிலிருந்து நுனி வரை கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நாலைந்து முறை நீவிவிடுங்கள். இரண்டு இழைகளும் அருகருகே அடங்கிப் படியும். இதைச் செய்யாமல் தொடங்கியவர்களைச் சிக்கெடுக்கும்போது அடையாளம் கண்டுகொள்ளலாம்.

ஊசி மெல்லியதாக இருக்கட்டும், நுனி மழுங்கக் கூடாது. கொக்கி போல வளைந்த நுனி நூலை அறுத்துவிடும். பனியன் துணியில் ஒரு கண்ணி அறுந்தால் அது சின்ன ஓட்டையாகத் தொடங்கி ஏணிப்படிபோல இறங்கும்.

முடிச்சு வெளியே தெரியலாமா, உள்ளே மறைய வேண்டுமா? வெளியே என்று முடிவு செய்தேன். இரட்டை முடிச்சு, வால் ஒரு செ.மீ. ஒட்ட நறுக்கினால் துவைக்கத் துவைக்க முடிச்சு அவிழும். கையால் தைத்ததை ஒளிப்பானேன்?

ஜனவரி 15

ஸ்டென்சில், அதாவது வடிவத்தைத் துணியில் பதிக்க உதவும் வெட்டுத் தாள். வேலைப்பாட்டைத் துண்டுகள் தனித்தனியாக இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். மேசையில் தட்டையாக விரியும் துணியில் செய்வதற்கும், தைத்து முடித்த உடைக்குள் கையை விட்டுக்கொண்டு செய்வதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

தடித்த பிளாஸ்டிக் தாளில் இலைகளை வெட்டினேன். இலைக்கும் இலைக்கும் நடுவே ஒரு செ.மீ. குறையாமல் இடைவெளி. பக்க ஓரம், தோள், கைக்குழி ஆகியவற்றிலிருந்து இரண்டு செ.மீ. தள்ளி. தையல் விழும் இடத்தில் வேலைப்பாடு வந்தால் நாலு அடுக்குத் துணி சேர்ந்து முண்டாகிவிடும்.

ஃபேப்ரிக் பெயிண்டைக் கருநீலத்தைவிடக் கொஞ்சமே வெளிறிய நிறத்தில் கலந்து, கிட்டத்தட்டக் காய்ந்த ஸ்பாஞ்சால் ஒற்றினேன். தடவக் கூடாது, தடவினால் ஸ்டென்சிலுக்கு அடியில் கசியும். தடிமனாகப் பூசினால் அந்த இடம் அட்டைபோல விறைத்து, துணியின் இழுவையே போய்விடும். ஒரு நாள் காயட்டும். அப்புறம் உள்பக்கத்திலிருந்து இஸ்திரி.

ஜனவரி 16

பெயிண்ட் காயும் நேரத்தில் கொஞ்சம் கதை. கண்ணி கண்ணியாகப் பின்னும் வேலையை இயந்திரத்துக்குக் கொண்டுவந்தவர் இங்கிலாந்தின் வில்லியம் லீ. 1589-இல் காலுறை பின்னும் சட்டகம் செய்தார். ஜெர்சி என்றும் சொல்லப்படும் இந்தப் பனியன் துணி நெடுங்காலம் உள்ளாடைக்கும் உழைப்பாளிகளின் உடுப்புக்கும்தான் என்று இருந்தது. 1916 வாக்கில் பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் கோகோ ஷனெல் அதைப் பெண்களின் மேலாடைக்குக் கொண்டுவந்தார்.

கையால் தைத்த பருத்தி ஜெர்சி என்றால் இன்று பலரும் சொல்லும் பெயர் நாட்டலி சானின். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஃப்ளோரன்ஸ் என்ற ஊர்க்காரர். டி-ஷர்ட் ஆலைகள் நிறைந்திருந்த ஊர் அது. 1994-இன் வட அமெரிக்க வணிக ஒப்பந்தத்துக்குப் பிறகு ஆலைகள் மூடத் தொடங்கின. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் நியூயார்க்கிலிருந்து ஊர் திரும்பி, மெத்தை விரிப்பு தைக்கத் தெரிந்த உள்ளூர்ப் பெண்களைக்கொண்டு கைத்தையல் உடைகள் செய்யத் தொடங்கினார். இரண்டு அடுக்கு வைத்து மேலடுக்கை வெட்டும் பாணி அவர் கண்டுபிடித்ததல்ல. பனாமாவின் குனா பழங்குடிப் பெண்கள் தங்கள் மோலா சட்டைத் துணிகளில் பல தலைமுறையாகச் செய்துவருவது. அவர்கள் வெட்டிய ஓரத்தை மடித்துத் தைப்பார்கள், ஏனென்றால் அது நெய்த துணி, பிசிறு பிரியும். பனியன் துணியில் அந்தத் தலைவலி இல்லை.

ஜனவரி 24

சாம்பல் துணியை அடியில் வைத்து, கருநீலத்தை மேலே பரப்பி, குண்டூசி குத்தி, ஒவ்வொரு இலையையும் அதன் ஓரத்தை ஒட்டி ஓட்டுத் தையலால், அதாவது ஊசியை மேலும் கீழுமாக ஓட்டிக்கொண்டே போகும் தையலால், சுற்றிவருகிறேன். தையல் நீளம் 4, 5 மி.மீ. ஒரு மாலையில் எட்டு இலை முடிந்தால் நல்ல மாலை.

இரண்டு அடுக்கும் ஒரே திசையில் இழுபடும்படி வைப்பது முக்கியம். ஒன்று நெடுக்காக, மற்றது குறுக்காக அமைந்தால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்து இழுத்து, முன்பக்கம் முழுக்கக் கொப்பளம் கிளம்பும். ஒரு இலை முடிந்ததும் அந்த இடத்தை லேசாக இழுத்துவிட வேண்டும். நூல் துணிக்குள் தன் இடத்தைத் தேடி உட்காரும். இழுக்கும்போது சுருக்கம் விழுந்தால் நூலை அதிகம் இறுக்கியிருக்கிறோம் என்று அர்த்தம்.

ஜனவரி 31

இன்றும் இலைகள்.

பிப்ரவரி 7

கத்தரிக்கோல் நாள்! இதற்காகத்தான் இத்தனையும்.

இலையின் நடுவில் இரண்டு அடுக்கையும் விரலால் கிள்ளிப் பிரித்து, மேலடுக்கில் மட்டும் ஒரு சின்ன வெட்டு. அதற்குள் கத்தரி நுனியை விட்டு, தையலுக்கு 3 மி.மீ. உள்ளே தள்ளி வெட்டிக்கொண்டே சுற்றி வந்தால் நடுத்துண்டு கழன்று வரும், சாம்பல் இலை தெரியும். தையலை ஒட்டிப் போனால் கண்ணி நழுவி நூல் தனித்து நிற்கும். நுனி கூர்மையான, சின்ன, பூவேலைக் கத்தரிதான் வேண்டும். கையை அசைக்காமல் துணியைத் திருப்புவது எனக்கு வசதியாக இருக்கிறது.

எல்லா இலையையும் வெட்டவில்லை. மூன்றில் ஒன்றைத் தைத்தபடியே விட்டேன், வெறும் கோட்டுருவமாக. எல்லாம் வெட்டப்பட்டிருந்தால் கண் ஓய இடம் இருக்காது.

பிப்ரவரி 10

மணி. குழாய் மணியும் சின்னக் கண்ணாடி மணியும், ஒரு பிடி மட்டும். கண்ணாடிக்குக் கனம் அதிகம், பனியன் துணி கனம் தாங்காமல் தொங்கும். அதனால் இரண்டு அடுக்கும் தையலும் சேர்ந்து தாங்கும் இலை ஓரங்களில் மட்டும், அதுவும் நெஞ்சுக்கு மேல் பாதியில். அக்குளுக்கு அருகே வைத்தால் உரசும், முதுகில் வைத்தால் நாற்காலி பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு மணிக்குள்ளும் நூல் இரண்டு முறை போகிறது. நாலு மணிகளுக்கு ஒரு முடிச்சு, சாம்பல் பக்கத்தில். ஒன்று அறுந்தால் நாலோடு போகும்.

ஜமிக்கி வாங்கி வைத்திருக்கிறேன். இந்த இலைகளுக்கு வேண்டாம் என்று தோன்றுகிறது.

பிப்ரவரி 14

உடையாகச் சேர்க்கும் வேலை. முதலில் தோள். முழு உடையும் தொங்குவது இந்த இரண்டு தையலில்தான். இது இழுபடவே கூடாது. நீட்சியில்லாத ஒரு மெல்லிய பருத்தி நாடாவை உள்ளே வைத்து, இரட்டை நூலால் ஓட்டுத் தையல் போட்டேன். தொடக்கத்திலும் முடிவிலும் ஓரத்தைச் சுற்றிப் பின்தையல், அதாவது ஊசியைப் பின்னோக்கிக் குத்திப் போடும் தையல். பிறகு விளிம்புகளை ஒரு பக்கமாக மடித்து, அதன் நடுவே இன்னொரு வரி.

கழுத்து இதற்கு நேர் எதிர். என் கழுத்து வட்டம் 50 செ.மீ., தலைச் சுற்றளவு 57. போட்டுக் கழற்றத் தாராளமாக 58 வேண்டும், அதாவது 16 சதவீதம் நீள வேண்டும். ஓட்டுத் தையலை அவ்வளவு இழுத்தால் அறுந்துவிடும். அதனால் இங்கே ஹெர்ரிங்போன் தையல். அதில் நூல் குறுக்கும் மறுக்குமாகச் சாய்ந்து போகிறது. இழுக்கும்போது அந்தச் சாய்வு படுத்துக்கொண்டே வரும். 45 டிகிரிச் சாய்வு முழுவதும் படுத்தால் கணக்குப்படி நீளம் 1.4 மடங்கு. நடுநடுவே சின்னப் பின்தையல் இருப்பதால் அவ்வளவு கிடைக்காது. பாதி கிடைத்தாலே தலை நுழையும்.

கழுத்துப் பட்டியைத் துணியின் குறுக்குவாக்கில் 3 செ.மீ. அகலத்தில் வெட்டி, நெடுக்க இரண்டாக மடித்து, கழுத்து ஓரத்தை அதற்குள் வைத்துத் தைத்தேன். குறுக்குவாக்கில்தான் இந்தத் துணி அதிகம் நீளும்.

பிப்ரவரி 18

கையை முதலில் தட்டையாகவே கைக்குழியில் பொருத்தி, அப்புறம் கையின் அடித்தையலையும் பக்கத் தையலையும் ஒரே ஓட்டமாக இறக்கினேன். பக்கத் தையல் மேலிருந்து கீழாகப் போகிறது, அந்தத் திசையில் பெரிதாக இழுபட வேண்டியதில்லை. ஓட்டுத் தையலே போதும். கீழ் ஓரமும் கை ஓரமும் வெட்டியபடியே. சுருளட்டும்.

மார்ச் 2

முதல் சலவை முடிந்தது. உட்புறம் வெளியே திருப்பி, குளிர்ந்த தண்ணீர், பிழியாமல். கொடியில் போடவில்லை. இரண்டு அடுக்கும் மணியும் ஈரத்தோடு தொங்கினால் உடை நீண்டுவிடும், அதனால் துண்டின் மேல் பரப்பிக் காயவைத்தேன். மடித்துத்தான் வைக்க வேண்டும், ஹேங்கர் ஆகாது.

இலை ஓரங்கள் சுருண்டு எழுந்திருக்கின்றன. பெயிண்ட் பூசிய இடத்தில் சுருள் கொஞ்சம் குறைவு. அடுத்ததில் பெயிண்டுக்குப் பதில் ஸ்டென்சிலைச் சாக்பீஸால் சுற்றி வரைந்து பார்க்கலாம்.

மிச்சத் துணியை ஒன்றரை செ.மீ. அகலத்தில் குறுக்காக வெட்டி இழுத்தால் உருண்டு கயிறாகிவிடுகிறது. அடுத்து பாவாடை, எலாஸ்டிக் வேண்டாம், இடுப்புக்கு இந்தக் கயிற்றையே கோர்க்கலாம் என்று பார்க்கிறேன். இதே சாம்பல் துணி மேலடுக்காக, கருநீலம் அடியில்.